சத்தத்துக்கு ஆயில் ஊற்றியவர்கள்

"இன்ஜின் செத்துருச்சு தம்பி. நீங்க வந்து பாக்கணும்னுகூட இல்ல. செத்துருச்சுன்னு கடை சீல் போட்டு ஒரு பேப்பர் குடுத்தாப் போதும்."

நல்லம்பள்ளிப் பக்கம் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நிர்வாக அதிகாரி, ஏ.ஓ., போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். செத்தது கல்லூரி முகப்பில் புல் வெட்டும் மிஷின். நான் பார்க்காமல் சீல் வைக்கமாட்டேன் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு என்மேல் பெரிய மரியாதை. அந்த மரியாதை அன்று மதியம் வரைக்கும்தான் தாங்கியது.

தர்மபுரியில் சின்ன இன்ஜின் சர்வீஸ் கடை ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். களை எடுக்கும் பவர் வீடர், புதர் வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர், மண்டபத்து ஜெனரேட்டர், இவைதான் தினப்படி. படித்தது மெக்கானிக்கல். நான்கு ஆண்டு அனுபவத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் குறிப்பு எழுத இவன் யார் என்று கேட்கலாம். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் எழுதுவார்கள் என்று நானும் காத்திருந்தேன். அவர்கள் இன்னும் ஆயில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

1. ஸ்டெதாஸ்கோப்

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்து, கையால் தள்ளிக்கொண்டு போகும் பழைய மிஷின் அது. நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். அடியில் ஒரே ஒரு நீள பிளேடு, இன்ஜின் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் நேராக மாட்டியிருக்கும். நடுவில் பெல்ட் கிடையாது, கியர் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மிஷினை ஓட்டுகிறவர் மாதம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பது வருடமாக அந்தப் புல்தரையை வெட்டுகிறவர் அவர் ஒருவர்தான். "அத ஸ்டார்ட் பண்ணும்மா" என்று ஏ.ஓ. சொன்னதும் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். மிஷின் உடனே பிடித்துக்கொண்டது. செத்த இன்ஜின் ஒரே இழுப்பில் எழுந்து நிற்காது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டொக், டொக், டொக், டொக். சுத்தியலால் கடப்பாரையைத் தட்டுவதுபோல் கீழேயிருந்து ஒரு சத்தம்.

பக்கத்தில் நின்ற சின்னசாமி சார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கல்லூரி வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். "ராட் பேரிங் அவுட்டு. நான் மூணு மாசமா கத்திக்கிட்டிருக்கிறன். பஸ் இன்ஜினே எத்தன பாத்திருக்கோம்."

நான் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். டாக்டர் வைத்திருப்பது அல்ல. முனையில் இரும்புக் கம்பி உள்ள மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப். ஆன்லைனில் வாங்கியது. நீள ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் கும்பலில் நானும் ஒருவன் இல்லை என்று காட்டுவதற்காகவே வாங்கியது என்றும் சொல்லலாம். இன்ஜின் வயிற்றில் வைத்தேன். டொக் டொக் அங்கே அழுத்தமாகக் கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பார்வை ஒரு கெட்ட போதை.

மாதம்மாள் பக்கத்தில் வந்தார். "தம்பி, புல்லு மேல உட்டா இந்தச் சத்தம் அடங்கிருதுங்க. சும்மா நிறுத்தி வெச்சாத்தான் இந்த ஆட்டம் ஆடுது."

"புல்லுல போறப்ப வெட்டுற சத்தம் பெருசா இருக்கும் அக்கா. அதுல இது உங்களுக்குக் கேக்காது" என்றேன்.

"எனக்குக் காது நல்லாத்தாங்க கேக்குது."

"இந்தம்மா சொல்றத எழுதிக்குங்க தம்பி, அடுத்த செமஸ்டருக்குப் பாடமா வெச்சிரலாம்" என்றார் சின்னசாமி சார். ஏ.ஓ. சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தக் குறிப்பில் நான் யார் யாரையெல்லாமோ கிண்டல் செய்யப்போகிறேன். கணக்கு நேராக இருக்கட்டும் என்று அந்தச் சிரிப்பை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

இன்ஜினை நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பார்த்தால், ஆயில் கழுத்து வரை நிற்கிறது. தார் மாதிரி இருந்தது. மோந்தால் கியர் ஆயில் நாற்றம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"கண்ட ஆயிலையும் ஊத்தி வெச்சிருக்குது இந்தம்மா. அதான் போச்சு" என்றார் ஏ.ஓ. "அடுத்த மாசம் ஆய்வுக் குழு வர்றாங்க. உக்காந்து ஓட்டுற புது மிஷின் வாங்கணும். பழசு எப்படிப் போச்சுன்னு மேனேஜ்மெண்டு கேக்கும். காரணம் பேப்பர்ல இருக்கணும்."

எழுதினேன். 'தவறான ஆயிலால் கனெக்டிங் ராட் பேரிங் சேதம். இன்ஜின் கண்டம் செய்து கழிக்கத் தக்கது.' அதற்குக் கீழே ஒரு வரி ஏ.ஓ. சொல்லச் சொல்ல எழுதியது: 'இயக்குபவரின் கவனக்குறைவு.' அதை எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. "தப்பான ஆயில் ஊத்துனது கவனக்குறைவு இல்லாம வேற என்ன தம்பி?" என்று கேட்டார். தர்க்கம் சரியாகத்தான் பட்டது. ஊற்றியது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கையெழுத்து, கடை சீல்.

கடையில் காட்டுவதற்காக அந்த ஆயிலை ஒரு கேனில் முழுதாக வடித்துக்கொண்டேன். 'ஆயில் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே' என்று ஒரு அட்டையை மிஷின் கைப்பிடியில் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

2. வெள்ளைத் துணி

மறுநாள் காலை கடையில், ஒரு பழைய வேட்டித் துணியில் அந்த ஆயிலை டீசல் கலந்து வடிகட்டினேன். ராட் தேய்ந்திருந்தால் துணியில் மினுமினுப்பு நிற்கும். இந்த ரக இன்ஜினில் பிஸ்டனை கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் ராட் அலுமினியம். அது கிராங்க் பின்னில் நேராகவே சுற்றும். தனியாக பேரிங் என்று ஒன்று அதில் கிடையாது.

இல்லாத பேரிங் சேதம் என்று சீல் வைத்துக் கொடுத்தவன் நான்தான். துணியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இது எனக்கு நினைவுக்கு வருகிறது. பஸ் இன்ஜினே பார்த்தவர் சொன்னார், நான் எழுதினேன்.

துணியில் கரி இருந்தது, பிசுக்கு இருந்தது. ஒரு மினுக்குகூட இல்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அப்புறம் மாதம்மாள் சொன்ன வாக்கியம் வந்து உட்கார்ந்தது. புல் மேல் விட்டால் அடங்குகிறது, சும்மா நின்றால் ஆடுகிறது. ராட் போன இன்ஜின் இதற்கு நேர் எதிராக நடக்கும்: சுமை ஏற ஏறச் சத்தம் ஏறும். சும்மா ஓடும்போது மட்டும் தட்டுவது, சுமை வந்தால் தட்டாமல் ஒரே பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஏதோ ஒன்று. ஆடிக்கொண்டிருக்கும் கதவைக் கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கிற மாதிரி. அந்த மிஷினில் அப்படி ஆடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பைக்கை எடுத்தேன். வழியில் பம்ப்செட் சாமான் கடையில் அந்த மிஷினுக்கு உரிய முப்பது நம்பர் ஆயில் கேட்டேன். கடைக்காரர் அலமாரியின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கேனை எடுத்துத் தூசி தட்டினார். "எல்லாரும் கரண்டு மோட்டருக்குப் போயிட்டாங்க. இத யாரு இப்ப கேக்குறாங்க?" என்றார். கேட்க வேண்டியவர்கள் கேட்காததால்தான் எனக்கு வேலை இருக்கிறது.

3. சந்தன வாசனை

மிஷின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் கிடந்தது. மாதம்மாள் பூந்தொட்டிகளில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"திங்கக்கெழமையிலருந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. "மிஷின இன்னொரு தடவ பாக்கணும் அக்கா" என்றேன்.

"செத்ததுன்னு எழுதிட்டு எதுக்குப் பாக்குறீங்க. எண்ணெ முழுக்காட்டவா?"

ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றினேன். பிளேடில் கைவைக்கும் முன் இதைச் செய்யாதவன் பத்து விரலோடு ஓய்வு பெற மாட்டான். பெட்ரோலை இறக்கிவிட்டு, ஏர் ஃபில்டர் மேலே வரும்படி மிஷினைச் சாய்த்தேன். பிளேடின் முனையைப் பிடித்து ஆட்டினேன்.

டொக்.

திரும்ப ஆட்டினேன். டொக். மூன்று மாதமாக ஒரு கல்லூரியையே கூட்டிவைத்துப் பேசவைத்த சத்தம் என் இரண்டு விரலில் இருந்தது. பிளேடு ஷாஃப்டோடு நேராகச் சேர்ந்திருப்பதால், அடியில் தட்டினால் இன்ஜின் வயிற்றில் கேட்கும். ஸ்டெதாஸ்கோப் பொய் சொல்லவில்லை. வைத்தவனுக்குத்தான் அறிவில்லை.

நடு போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததும் பாதிச் சுற்றில் லூசாகி, அப்புறம் விரலாலேயே கழன்று வந்தது. பிளேடை எடுத்தேன். பிளேடுக்கும் அது உட்காரும் அடாப்டருக்கும் நடுவிலிருந்து செம்பொடி உள்ளங்கையில் கொட்டியது. துரு என்று நினைத்தேன். துருவோடு மஞ்சளாக ஒரு பொருக்கும் உதிர்ந்தது. மோந்து பார்த்தேன்.

சந்தனம்.

"அக்கா, இந்த பிளேட யாரு கழட்டுனாங்க?"

மாதம்மாள் எழுந்து வந்து பார்த்தார். "ஆயுத பூசைக்குச் சின்னசாமி சாருதான் கழட்டுனாரு. சாணை புடிச்சு, பெயிண்டு அடிச்சு, நடுவுல சந்தனத்த அப்பி, குங்குமம் வெச்சு, பஸ் சாவிங்களோட சாமி முன்னாடி வெச்சாங்க. இந்தத் தடவ பூசையில வெச்ச பொட்ட அழிக்கக் கூடாதுன்னுட்டு அப்புடியே மாட்டிட்டாரு."

"சத்தம் எப்ப வந்துச்சு?"

"பூசை முடிஞ்சு ஒரு ரெண்டு மூணு வாரம் இருக்குங்க."

நடு வட்டத்தில், இரும்பும் இரும்பும் நேராகக் கவ்வ வேண்டிய இடத்தில், ஈரச் சந்தனத்தை வைத்து போல்ட்டை முறுக்கினால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். சந்தனம் காயும், பொடியாகும், உதிரும். உதிர்ந்த கனத்துக்கு போல்ட் லூசு. கொஞ்சம் லூசானால் பிளேடு தட்டத் தொடங்கும், தட்டத் தட்ட இன்னும் லூசாகும். இதைச் செய்தவர் பிள்ளைகளுக்கு ஃபிட்டிங் சொல்லித்தருகிறவர். அந்த பிளேடு முழு வேகத்தில் கழன்றிருந்தால் பின்னால் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறவர் மாதம்மாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உள்ளங்கைப் பொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கே புரிந்திருந்தது.

4. ஆயில் வைத்தியம்

"அப்ப ஆயில் யாரு ஊத்துனது?"

"யாரு ஊத்துலன்னு கேளுங்க" என்றார் மாதம்மாள்.

அவர் சொன்ன வரிசை இது. முதலில் பஸ் டிரைவர் ஒருவர், பஸ்ஸுக்கு ஊற்றி மிச்சமான டீசல் இன்ஜின் ஆயில். சத்தம் போகவில்லை. அடுத்து ஏ.ஓ.வே பைக் ஆயில் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அவர் புல்லட்டுக்கு அது நன்றாகக் கேட்கிறதாம். போகவில்லை. கடைசியில் சின்னசாமி சார் தொண்ணூறு நம்பர் கியர் ஆயில். "திக்கா ஊத்துனா சத்தத்த அமுக்கிரும்" என்றாராம். ஒருவரும் பழையதை வடிக்கவில்லை. ஒருவர் ஊற்றியதன்மேல் அடுத்தவர் ஊற்றினார். மாதம்மாள் செய்த ஒரே காரியம் கேட்டது: "இவ்வளோ ஊத்தலாங்களா சார்?" அதற்குக் கிடைத்த பதில், "நீ புல்லப் பாரும்மா."

நம் பக்கத்தில் எந்தச் சத்தத்துக்கும் இதுதான் வைத்தியம். டிராக்டர் கரகரத்தால் திக் ஆயில், மொபட் முனகினால் திக் ஆயில். வண்டியை விற்கப் போகிறவனுக்கு அது சரி. வாங்குகிறவன் வீடு போய்ச் சேரும் வரை சத்தம் அமுங்கியிருந்தால் போதும். வைத்து ஓட்டப்போகிறவனுக்கு அது விஷம்.

இந்தச் சின்ன இன்ஜினுக்குள் ஆயில் பம்ப் கிடையாது. ராட்டின் அடியில் ஒரு கரண்டி மாதிரி நாக்கு. அது சுற்றும்போது ஆயிலை அள்ளித் தெளிக்கும். அந்தத் தெளிப்பில்தான் இன்ஜின் உயிர் வாழ்கிறது. பாயசத்தைத் தெளிக்கலாம், களியைத் தெளிக்க முடியாது. கியர் ஆயில் ஊற்றினால் மேலே சிலிண்டருக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேராது. அளவுக்கு மேல் ஊற்றினால் நுரைக்கும், புகையும். அதே சமயம், காருக்குப் போடும் சின்ன நம்பர் ஆயில் ஒசத்தி என்று அதை ஊற்றுகிறவர்களும் உண்டு. காற்றில் ஆறும் பழைய இன்ஜின், நம் ஊர் வெயில். தண்ணியான ஆயில் எரிந்தே தீர்ந்துபோகும். பழைய புல் வெட்டும் மிஷினுக்கு அதன் புத்தகம் சொல்வது முப்பது நம்பர், ஒற்றை கிரேடு. புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வொர்க்ஷாப் பீரோவில் இருந்ததைப் பின்னால் பார்த்தேன்.

முப்பது நம்பரைக் கொஞ்சம் ஊற்றி, பிளக் ஒயரை மாட்டாமல் கயிற்றைப் பத்து முறை இழுத்து, உள்ளே ஒட்டியிருந்த பிசுக்கோடு சேர்த்து வடித்தேன். பிறகு அளந்து அறுநூறு மில்லி. டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. பிளேடின் நடு வட்டத்தையும் அடாப்டரையும் எமரி ஷீட் போட்டு இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். பெயிண்ட், சந்தனம், குங்குமம் எல்லாம் போயின. மாதம்மாள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. புது போல்ட், புது வாஷர், அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச். பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, பிளக் ஒயரை மாட்டினேன்.

"இழுங்க அக்கா."

ஒரே இழுப்பு. சத்தம் இல்லை என்று எழுதினால் பொய். பழைய இன்ஜினின் படபடப்பு இருந்தது. டொக் இல்லை. மாதம்மாள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். கைப்பிடியில் நான் கட்டிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் புல்தரைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

5. இரண்டாவது காகிதம்

மிஷின் ஓடுவது கேட்டு ஏ.ஓ.வும் சின்னசாமி சாரும் வெளியே வந்தார்கள். ஏ.ஓ. கேட்ட முதல் கேள்வி இது:

"பரவால்லையே. என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"முப்பது நம்பர் சார். ஆனா..."

"முப்பதா? அவ்ளோ லேசாவா?" என்றார் சின்னசாமி சார். "அப்ப நான் கூட ஒரு நம்பர் கம்மி பண்ணிப் பாத்திருக்கலாம்."

நான் கைக்குட்டையை விரித்துச் செம்பொடியையும் மஞ்சள் பொருக்கையும் காட்டினேன். எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். சின்னசாமி சார் கைக்குட்டையை மோந்தார். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு லேப் கிளாஸ் ஞாபகம் வந்துவிட்டது.

ஏ.ஓ. புல்தரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "மிஷின் ஓடுது, சந்தோசம். ஆனா பேப்பர் மேல போயிருச்சு தம்பி. கரஸ்பாண்டென்ட் டேபிள்ல இருக்குது. இனி ஒண்ணும் பண்ண முடியாது."

"அந்தப் பேப்பர் தப்பு சார்."

"உங்க சீல்தான இருக்குது."

அதுதான் குத்தியது. சரியான இடத்தில் குத்தினார். கல்லூரித் தாளாளரான கரஸ்பாண்டென்ட்டின் அறை வாசலில் உட்கார்ந்து கடை லெட்டர்ஹெட்டில் எழுதினேன்: 'என் முந்தைய அறிக்கை தவறு. பிளேடைத் தொட்டுப் பார்க்காமல் எழுதினேன். இன்ஜின் நன்றாக உள்ளது. ஆயில் ஊற்றியதும் பிளேடு மாட்டியதும் இயக்குபவர் அல்ல. கோளாறைச் சரியாகச் சொன்னவர் இயக்குபவர் ஒருவரே.' கையெழுத்து, கடை சீல். நான்கு ஆண்டு பொறியியல் படிப்பில் இவ்வளவு கஷ்டமான விடைத்தாள் எழுதியதில்லை.

கரஸ்பாண்டென்ட் இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "நாளைக்கு மூணாவதா ஒண்ணு கொண்டாருவீங்களா?"

"இல்லீங்க சார்."

"சத்தமே இல்லாம ஓடுதா?"

"ஜன்னலத் தொறந்தா கேக்கும் சார். வெட்டிக்கிட்டிருக்காங்க."

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். முதல் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஏ.ஓ.வுக்கு என்ன சொன்னாரோ தெரியாது. திங்கட்கிழமை மாதம்மாள் வேலைக்கு வந்தார்.

என் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சீல் போட்ட பேப்பர்ல நான் தப்புன்னு சீல் போட்டு எழுதுனவன் தமிழ்நாட்டுலயே நீ ஒருத்தன்தான்" என்றார்.

கடை ஜாப் கார்டில் 'கம்ப்ளைன்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நாம் எல்லோரும் போன் செய்தவர் சொன்னதை எழுதுகிறோம். போன் செய்கிறவர் மிஷினை ஓட்டுகிறவர் அல்ல. ஓட்டுகிறவரைத் தேடிப் போய், அவர் வாயில் வந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எப்போது சத்தம் வருகிறது, எப்போது அடங்குகிறது, அதற்கு முந்தின மாதம் யார் கை வைத்தார்கள். அப்புறம் குனிந்து பாருங்கள். அதற்கும் அப்புறம் ஆயிலைப் பற்றிப் பேசலாம்.

போன ஆயுத பூசைக்கு முந்தின நாள் மாதம்மாளிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, சாரு ஸ்பேனரோட வந்து நிக்கிறாரு. கழட்டி பூசையில வெக்கணுமாம். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. இந்தாங்க, நீங்களே சொல்லுங்க."

சின்னசாமி சார் குரல் வந்தது. "ஒண்ணுமில்ல தம்பி, வருசா வருசம் செய்யிறது. நிறுத்துனா நல்லாருக்காது."

"கைப்பிடியில பொட்டு வைங்க சார்."

"கைப்பிடியிலயா? வெட்டுறது பிளேடுதான. சாமி பொறுத்துக்குமா?"

"சாமி பொறுத்துக்கும் சார்" என்றேன். "போல்ட்டுதான் பொறுத்துக்காது."